பற்றரிகளைச் சாகடிக்கும் யுத்தகாலப் பழக்கங்கள்

மூதூர் கிழக்கில் இருக்கிற என் பெரியம்மாவின் வீட்டு அலுமாரியில் ஒரு சார்ஜ் ரோச் இருந்தது. 2022 இல், நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு என்று அறிவித்த அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு வாங்கியது. சில மாதங்கள் பாவித்தார். மின்வெட்டுக் குறைந்ததும், "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று பழைய சீலைத்துண்டில் சுற்றி உடுப்புகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது அந்த அவசரம் வந்தது. கரண்ட் இல்லை. மழை விடவில்லை. முற்றத்தில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பதற்காக ரோச்சை எடுத்துப் பொத்தானை அமத்தினார். எரியவில்லை. கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தார். அந்த வெளிச்சத்துக்காகவே கைத்தொலைபேசியின் சார்ஜும் விடியமுன்னர் தீர்ந்துபோனது. அதன் பிறகு பிள்ளைகளால் அவருடன் தொடர்புகொள்ள முடியவில்லை.

கரண்ட் வந்த பிறகு ரோச்சை ஒரு இரவு முழுக்கச் சார்ஜில் விட்டுப் பார்த்தோம். கழற்றியவுடன் இரண்டு நிமிடம் மங்கலாக எரிந்து அணைந்தது. "புதுச்சாமான் மாதிரி வைச்சிருந்தன், எப்பிடிப் பழுதாப்போச்சு?" என்று கேட்டார் பெரியம்மா.

புதுச்சாமான் மாதிரி வைத்திருந்ததுதான் காரணம். அந்த ரோச்சுக்குள் இருந்தது ஒரு சிறிய ஈயப் பற்றரி. சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்காகக் கிடந்தால் அது தானாகவே செத்துவிடும். பெரியம்மா கவனக்குறைவானவர் அல்ல. ஒரு பற்றரியை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தார். கற்றுக்கொடுத்தது வேறொரு காலம், வேறொரு பற்றரி.

பற்றரி தங்கமாக இருந்த காலம்

1990 இல் மீண்டும் போர் தொடங்கிய பிறகு, வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் எரிபொருள், சீமெந்து, உரம் போன்றவற்றோடு பற்றரியும் சேர்ந்திருந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்காக மின்சாரம் இல்லாமல் இருந்தது. சைக்கிளை நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது. கிழக்கிலும் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று, வாகரைப் பக்கங்களுக்குப் போகிறவர்கள் பையில் பற்றரி இருந்தால் சோதனைச்சாவடியில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 2006 ஏப்ரலில் சம்பூரிலிருந்து வெளியேறிய மக்களில் பலர் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் போன்ற இடங்களில் இருந்த முகாம்களில் கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள் கழித்தார்கள். அங்கும் ஒரு ரோச் வெளிச்சம் என்பது எண்ணி எண்ணிச் செலவழிக்கிற பொருள்.

அந்தக் காலம் சில பழக்கங்களைத் தந்தது. பற்றரியைக் கடைசித் துளி வரை பாவிப்பது. மிச்சம் பிடித்ததைத் தொடாமல் ஒளித்து வைப்பது. இறங்கிப்போன பற்றரியை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவது. பழசோடு புதுசைக் கலந்து போடுவது.

அவை உலர் பற்றரிக்காலப் பழக்கங்கள். முதல் மூன்றிலும் நியாயம் இருந்தது. ரோச்சுக்கும் ரேடியோவுக்கும் நாம் போட்ட உலர் பற்றரிக்குள் நடக்கும் இரசாயன மாற்றம் ஒருவழிப் பாதை. நாகம் கரைந்து தீர்ந்தால் கதை முடிந்தது. எனவே கடைசி வரை பாவிப்பதால் நட்டம் இல்லை. பாவிக்காமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஓய்வு கொடுத்து இளஞ்சூட்டில் வைத்தால் உள்ளே தேங்கியிருந்த மாற்றம் கொஞ்சம் அசைந்து, இன்னும் ஒரு செய்தியறிக்கை கேட்கிற அளவுக்கு உயிர் வரும். பழசும் புதுசும் கலந்தால் புதுசு கெதியில் இறங்கும் என்பது அப்போதும் உண்மை. ஆனால் வேறு வழி இருக்கவில்லை.

இன்று நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் மீண்டும் சார்ஜ் செய்யும் பற்றரிகள். இவற்றில் மாற்றம் இருவழிப் பாதை. போனது திரும்பி வரும். ஆனால் அந்தத் திரும்பும் பாதை திறந்திருக்க ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு நிபந்தனை உண்டு. பழைய நான்கு பழக்கங்களும் அந்தப் பாதையை மூடுகிற பழக்கங்கள்.

உள்ளே இருப்பது எது?

பற்றரியைப் பராமரிக்க முதலில் தெரிய வேண்டியது அதன் வகை. வெளித்தோற்றம் ஏமாற்றும். ஒரே மேசையில் இருக்கும் கைத்தொலைபேசியும் சார்ஜ் ரோச்சும் ஒரே மாதிரி வயரில் சார்ஜ் ஆகலாம். உள்ளே இருப்பவை இரண்டு வேறு பிறவிகள். ஆங்கிலம் வாசிக்க முடியாவிட்டாலும், பற்றரியின் மேல் உள்ள வோல்ற் எண் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

4, 6 அல்லது 12 வோல்ற் என்று இருந்து, அளவுக்கு மீறிய பாரமாகவும் இருந்தால் அது ஈயப் பற்றரி. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, படகு, இன்வேட்டர், மலிவான சார்ஜ் ரோச், அவசர விளக்கு ஆகியவற்றில் இருப்பது.

1.2 வோல்ற் என்று இருந்தால் நிக்கல் வகை. உலர் பற்றரி போலவே தோற்றம்.

3.6 அல்லது 3.7 வோல்ற் என்றால் லித்தியம் அயன். கைத்தொலைபேசி, பவர் பாங்க், மடிக்கணினி, புதுவகை ரோச் ஆகியவற்றில் இருப்பது.

3.2 அல்லது 12.8 வோல்ற் என்றால் லித்தியம் இரும்பு பொஸ்பேற்று. சூரிய விளக்குகளிலும் புதிய சோலார் தொகுதிகளிலும் வருவது.

1.5 வோல்ற் என்று இருந்தால் அது பெரும்பாலும் உலர் பற்றரி. மீண்டும் சார்ஜ் செய்யலாம் என்று அதிலேயே எழுதியிருந்தாலன்றி அதைச் சார்ஜரில் போடக்கூடாது. கசியும், சிலவேளை வெடிக்கும்.

ஈயப் பற்றரி: பசியோடு படுக்கவிடாதீர்கள்

ஈயப் பற்றரியை 1859 இல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி கஸ்ரன் பிளாந்தே உருவாக்கினார். அடிப்படை இன்றும் மாறவில்லை. ஈயத் தகடுகள், நடுவே சல்பூரிக்கமிலம் கலந்த நீர். ஒரு கலம் ஏறக்குறைய 2 வோல்ற். ஆறு கலம் சேர்ந்தால் 12 வோல்ற்.

இந்தப் பற்றரிக்கும் எங்கள் துறைமுகத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில் திருகோணமலையைத் தளமாகக் கொண்டிருந்த பிரித்தானிய நீர்மூழ்கிகள் தண்ணீருக்கு அடியில் ஓடியது ஈயப் பற்றரியில்தான். 1944 ஜனவரியில் பினாங்குக்கு அப்பால் 'குமா' என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்த 'டாலிஹோ' இங்கிருந்து போன நீர்மூழ்கியே. பகலில் பற்றரியில் ஓடி, இரவில் மேலே வந்து டீசல் இஞ்சினால் பற்றரியை ஏற்றிக்கொள்வது அந்தக் கப்பல்களின் வழமை. ஏற்றாத பற்றரியோடு அடுத்த பகலுக்குள் இறங்குவது உயிராபத்து. நம் வீட்டுப் பற்றரிக்கும் அதே விதி பொருந்தும்: இறங்கியதை அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும்.

காரணம் இதுதான். மின்சாரம் எடுக்கும்போது தகடுகளின் மேல் ஈயசல்பேற்று என்ற மெல்லிய படிவு உண்டாகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். நாட்கணக்காக, வாரக்கணக்காக விட்டால் படிவு கல்லாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்தப் பகுதி உயிர்க்காது. பெரியம்மாவின் ரோச்சுக்கு நடந்தது இதுவே. பாவிக்காமல் வைத்தாலும் பற்றரி தானாக மெல்ல மெல்ல இறங்கும். எங்கள் வெக்கையில் அந்த இறக்கம் இன்னும் வேகம்.

எனவே ஈயப் பற்றரியைக் கடைசி வரை இறக்கக்கூடாது. பாதிக்கு மேல் எடுக்காமல் இருந்தால் அதன் ஆயுள் பல மடங்கு நீளும். பாதி எது என்று அறிய ஒரு சாதாரண வோல்ற்மீற்றர் போதும். சார்ஜும் பாவனையும் இல்லாமல் சில மணிநேரம் ஓய்வில் விட்டு அளந்தால், 12 வோல்ற் பற்றரி நிறைவாக இருக்கும்போது 12.6 அல்லது 12.7 காட்டும். 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி. 12 க்குக் கீழே போனால் அது பசியில் கிடக்கிறது.

எவ்வளவு வேகமாகச் சார்ஜ் செய்வது? பற்றரியில் எழுதியிருக்கும் அம்பியர்-மணி எண்ணில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய, பாதுகாப்பான கணக்கு. 40 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 4 அம்பியர். பாதி இறங்கிய பற்றரி அப்படி 7, 8 மணிநேரத்தில் நிறையும். கடைசிப் பங்கு எப்போதும் மெதுவாகத்தான் ஏறும். சார்ஜரின் உச்சம் 14.4 வோல்ற் அளவில் இருக்க வேண்டும். அறை 35 பாகை வெக்கையில் இருந்தால் 0.2 வோல்ற் அளவு குறைந்திருப்பது நல்லது. தானாக நிற்காத பழைய சார்ஜர் என்றால் இரவில் போட்டுவிட்டுப் படுக்கக்கூடாது.

மூடி திறக்கும் பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் உப்பும் கனிமங்களும் உண்டு. கடையில் விற்கும் குடிநீர்ப் போத்தலும் சரிவராது. அமிலமும் ஊற்றக்கூடாது. ஆவியாகிப் போனது நீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. சார்ஜ் ஆகும்போது நீர்மட்டம் உயரும் என்பதால், முழுதாகச் சார்ஜ் ஆன பின்னரே குறி வரை நிரப்புங்கள். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூடுமளவுக்கு முதலே கொஞ்சம் விடலாம்.

ஆபத்துகள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயு வெளியேறும். அது தீப்பொறி பட்டால் வெடிக்கும். குப்பி விளக்கு, சாம்பிராணி, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. காற்றோட்டம் வேண்டும். சார்ஜரை முதலில் நிறுத்திவிட்டுத்தான் கிளிப்பைக் கழற்ற வேண்டும். அடுத்தது கடல்நீர். நீர்மூழ்கி மாலுமிகள் மிகவும் பயந்த விடயங்களில் ஒன்று பற்றரிக் கலத்துக்குள் கடல்நீர் புகுவது. உப்பும் அமிலமும் மின்சாரமும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சுவாயு வரும். படகில் பற்றரியை மூடிய பெட்டியில், தரைத்தண்ணீர் தொடாத உயரத்தில் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரால் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

முனைகளில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் மூடிகளை இறுக்கிவிட்டு அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து, காயவிட்டு, கொஞ்சம் வாசலின் பூசுங்கள். உப்புக்காற்று அடிக்கும் திருக்கடலூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

இன்னொன்று. வாகனம் ஸ்ரார்ட் செய்வதற்கான பற்றரி ஒரு கணம் பெரும் விசை கொடுக்கச் செய்தது. அதன் தகடுகள் மெல்லியவை. அதை வீட்டு விளக்குக்கோ இரவு முழுக்கப் படகு விளக்குக்கோ பாவித்தால் கெதியில் போய்விடும். அத்தகைய பாவனைக்கு ஆழமாக இறங்கித் தாங்கும் வகை தனியாக உண்டு. விலை கூட. ஆனால் வருடம் ஒன்று வாங்குவதோடு ஒப்பிட்டால் இலாபம்.

நிக்கல்: நினைவுக் கதை

1.2 வோல்ற் நிக்கல் பற்றரிகளின் மூத்தது நிக்கல் காட்மியம். 1899 இல் சுவீடன் நாட்டு வால்டமர் யுங்னர் உருவாக்கியது. "முழுதாக இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பற்றரி பழகிவிடும்" என்ற பேச்சு இதிலிருந்து வந்தது. பாதியில் பாதியில் திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்தால் அதன் வோல்ற் முன்கூட்டியே சரியும் குணம் உண்டு. இப்போது கடைகளில் வருவது பெரும்பாலும் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட். அதில் இந்தக் குணம் மிகக் குறைவு. எப்போதாவது ஒருமுறை நன்றாக இறக்கி ஏற்றினால் போதும்.

நன்றாக இறக்குவது என்றால் ரோச் மங்கத் தொடங்கும் வரை. முற்றாக அணையும் வரை விட்டால், பல பற்றரி போட்ட கருவியில் பலவீனமான ஒன்றைப் பலமானவை எதிர்த்திசையில் தள்ளிப் பழுதாக்கிவிடும். பழசோடு புதுசைக் கலந்தாலும் இதுவே நடக்கும். ஒரே நேரத்தில் வாங்கியவற்றை ஒரே கூட்டமாகப் பாவியுங்கள். உலர் பற்றரியோடு ஒருபோதும் கலக்க வேண்டாம்.

மலிவான சார்ஜர்கள் நிறைந்ததும் தானாக நிற்பதில்லை. நேரத்தை நாமே கணக்கிட வேண்டும். பற்றரியின் மில்லி-அம்பியர்-மணி எண்ணைச் சார்ஜரின் மில்லி-அம்பியரால் பிரித்து, வருவதோடு ஏறக்குறைய பாதியைக் கூட்டுங்கள். 2000 பற்றரிக்கு 200 சார்ஜர் என்றால் பத்து மணிநேரம், இழப்போடு சேர்த்து 14 அல்லது 15 மணிநேரம். கைபொறுக்காத சூடு வந்தால் கழற்றிவிடுங்கள்.

லித்தியம்: நடுவில் வாழ்வது

லித்தியம் அயன் பற்றரி 1991 இல் சந்தைக்கு வந்தது. அதற்கு அடித்தளமிட்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019 இல் நோபல் பரிசு கிடைத்தது. எடை குறைவு, கொள்ளளவு அதிகம், நினைவுக் குணம் இல்லை. எனவே "புதுப் போனை முதலில் எட்டு மணிநேரம் சார்ஜ் போட வேண்டும்", "முழுதாக இறக்கிவிட்டுப் போட வேண்டும்" என்பவை இதற்குப் பொருந்தாத பழைய அறிவுரைகள். பாதியில் சார்ஜ் போடுவது இதற்கு நல்லது. 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் வைத்திருந்தால் நீண்டநாள் உழைக்கும். ஒவ்வொரு நாளும் பூச்சியத்துக்கு இறக்குவதும், 100 சதவீதத்தில் மணிக்கணக்காகச் சூட்டோடு வைத்திருப்பதும்தான் அதன் ஆயுளைத் தின்பவை.

இதற்கு மிகப் பெரிய எதிரி வெயில். உலர் பற்றரியை வெயிலில் காயவைத்த கை, இன்று கைத்தொலைபேசியையும் பவர் பாங்கையும் படகின் அணியத்திலோ மோட்டார் சைக்கிளின் முன்கூடையிலோ வைத்துவிடுகிறது. சூடேறிய லித்தியம் பற்றரி கொள்ளளவை இழக்கும், வீங்கும், சிலவேளை தீப்பிடிக்கும். கடலுக்குக் கொண்டுபோவதானால் தண்ணீர் புகாத பிளாஸ்ரிக் டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள். கடல்நீரில் விழுந்த போனையோ பவர் பாங்கையோ காய்ந்துவிட்டது என்று நம்பிச் சார்ஜில் போட வேண்டாம். உள்ளே படிந்த உப்பு மின்சாரத்துக்குக் குறுக்குப் பாதை கொடுக்கும்.

வீங்கிய பற்றரியைக் குத்துவதோ அழுத்துவதோ சார்ஜ் செய்வதோ கூடாது. மணல் உள்ள தகரப் பேணியில் போட்டு வீட்டுக்கு வெளியே வைத்து, சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடும் பழக்கத்தை, சிறப்பாகப் பிள்ளைகளிடம், நிறுத்துங்கள். தீப்பிடித்தால் புகையைச் சுவாசிக்காமல் விலகுவதுதான் முதல் வேலை. பாதுகாப்பான தூரத்திலிருந்து முடிந்தால் நிறையத் தண்ணீர் ஊற்றலாம்.

பவர் பாங்க் வாங்கும்போது ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். 10,000 என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ற் பற்றரியின் அளவு. போனுக்குப் போவது 5 வோல்ற். மாற்றும்போது ஏற்படும் இழப்போடு, கையில் கிடைப்பது 6,000 அல்லது 6,500 அளவுதான். 4,000 பற்றரி உள்ள போனை ஒரு தடவையும், மறுதடவை ஏறக்குறைய பாதிக்கு மேலும் ஏற்றலாம். 50,000 என்று எழுதி உள்ளங்கையில் அடங்குகிற அளவில் விற்றால் நம்ப வேண்டாம்.

லித்தியம் இரும்பு பொஸ்பேற்று இதே குடும்பத்தில் அமைதியான பிள்ளை. தீப்பிடிக்கும் ஆபத்துக் குறைவு. ஆழமாக இறக்கினாலும் ஈயத்தைவிடப் பல மடங்கு தடவைகள் சார்ஜ் தாங்கும். ஆனால் ஈயப் பற்றரிக்கான சார்ஜரை அப்படியே இதற்குப் பாவிக்கக்கூடாது. சில சார்ஜர்கள் ஈயப் படிவை உடைக்க வோல்ற்றை உயர்த்தி அடிக்கும். அது இதைப் பழுதாக்கும்.

சோலார் பூட்டிய வீடுகளுக்கு

சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கான வேலைகள் 2025 ஏப்ரல் 5 அன்று தொடக்கி வைக்கப்பட்டன. அந்த மின்சாரம் தேசிய வலையமைப்புக்குப் போவது. அதே ஆண்டு பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டதை மறந்திருக்க மாட்டோம். அப்படியான நாட்களில் வீட்டில் வெளிச்சம் தருவது கூரையில் உள்ள சிறு தகடும் மூலையில் உள்ள பற்றரியும்தான்.

தகட்டையும் பற்றரியையும் நேரடியாக இணைக்காமல், நடுவில் கட்டுப்படுத்தி பூட்ட வேண்டும். அதில் பற்றரி வகையைத் தெரிவுசெய்யும் வசதி இருந்தால், உங்கள் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றப்பட்டிருக்கிறதா என்று பூட்டுபவரிடமே கேளுங்கள். ஈயப் பற்றரியை மாற்றி லித்தியம் வாங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இணைக்கும்போது முதலில் பற்றரி, பிறகு தகடு. கழற்றும்போது முதலில் தகடு.

பல கட்டுப்படுத்திகள் பற்றரியை 10.7 வோல்ற் வரை இறங்கவிட்டுத்தான் விளக்கை நிறுத்தும். ஈயப் பற்றரிக்கு அது மிகப் பிந்திய எல்லை. அந்த எண்ணை 11.5 க்கு மேல் உயர்த்தி வைத்தால் வெளிச்சம் கொஞ்சம் முந்தி நிற்கும், பற்றரி பல மாதம் கூட உழைக்கும். 12 வோல்ற், 40 அம்பியர்-மணிப் பற்றரியில் பாதி என்பது 240 வாற்-மணி. 5 வாற் பல்ப் இரண்டை இரவில் நான்கு மணிநேரம் எரித்தால் ஐந்து இரவுக்குக் கிட்டக் காணும். மாரியில் மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். தொலைக்காட்சியையும் மின்விசிறியையும் அதில் போட்டால் இந்தக் கணக்கு உடையும்.

செத்த பற்றரி யாருடைய கைக்குப் போகிறது?

பழைய பற்றரியை உடைத்து ஈயத்தை எடுத்து, விறகடுப்பில் உருக்கி வலைக்கு ஈயக்கட்டி வார்ப்பது கரையோரத்தில் புதிதல்ல. ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடும். சமையல் அடுப்பே போதும் என்பதுதான் ஆபத்து. புகையும் தூசியும் முற்றத்து மண்ணில் படியும். அந்த மண்ணில் விளையாடுவது பிள்ளைகள். உட்கொள்ளும் ஈயத்தைச் சிறுபிள்ளைகளின் உடல் வளர்ந்தோரைவிட 4 முதல் 5 மடங்கு வரை உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை. மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது.

செனகல் நாட்டின் தலைநகர் டக்காருக்கு அருகே தியாறோய் சுர் மேர் என்ற கடலோர ஊர் உண்டு. பழைய வாகனப் பற்றரிகளிலிருந்து ஈயம் எடுப்பது அங்கு பலரின் வருமானமாக இருந்தது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்த ஊரில் 18 சிறுபிள்ளைகள் இறந்துபோனார்கள். ஆராய்ந்தபோது மண்ணிலும் வீடுகளுக்குள்ளும் ஈயம் படிந்திருந்தது தெரியவந்தது. எங்களைப் போலவே உழைத்துப் பிழைத்த மக்கள் அவர்கள்.

ஆகவே ஈயப் பற்றரியை வீட்டில் உடைக்க வேண்டாம். புதியது வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் பல கடைகளில் விலையைக் குறைத்துத் தருவார்கள். முழுதாகவே கொடுங்கள். பழைய பற்றரி ஆபத்தான கழிவு. அதைச் சேகரித்துக் கையாள மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி தேவை.

பறுவ நாளில் ஒரு வேலை

எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பது கடினம். மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொள்வது இலகு. போயா நாள் அதற்குப் பொருத்தம். கலண்டரில் சிவப்பில் இருக்கும், விடுமுறையும்கூட. முழுநிலவில் தொழில் குறைவு என்று வலையைக் கரையில் வைப்பவர்களுக்கும் கைக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

அன்றைக்கு வீட்டில் உள்ள ஈயப் பற்றரி எல்லாவற்றையும், சார்ஜ் ரோச் உட்பட, முழுதாக ஏற்றுங்கள். நீர்மட்டம் பாருங்கள். முனைகளைத் துடையுங்கள். நிக்கல் பற்றரிகளைப் பாவித்து ஏற்றுங்கள். பாவிக்காத பவர் பாங்க் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவாருங்கள். மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் அந்தக் கணக்கை விட்டுவிட்டு எல்லாவற்றையும் நிறைத்துவிடுங்கள். ஆயுள் கொஞ்சம் குறைந்தாலும் அன்றைக்கு வெளிச்சம் வேண்டும்.

வாடைக்காலத்தில் படகைக் கரையேற்றும் மீனவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சிறிய இஞ்சின்களில் பெரும்பாலும் பற்றரியை ஏற்றும் ஏற்பாடு இருப்பதில்லை. படகோடு சேர்த்துப் பற்றரியையும் மூன்று மாதம் மறந்துவிட்டால், கடல் அமைதியாகும்போது புதிய பற்றரிக்குக் கடன் வாங்க வேண்டிவரும். வீட்டுக்குக் கொண்டுவந்து, நிறைத்து, நிழலில் வைத்து, மாதம் ஒருமுறை ஏற்றினால் அடுத்த பருவத்துக்கும் அதுவே போகும்.

பெரியம்மாவுக்குப் புதிய ரோச் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதை அலுமாரிக்குள் வைக்க விடவில்லை. குசினி வாசலில் ஆணியில் தொங்குகிறது. ஒவ்வொரு இரவும் கோழிக்கூட்டை அடைக்கப் போகும்போது பாவிக்கிறார். "சும்மா சும்மா எரிச்சால் தீர்ந்துபோயிடுமே" என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் எடுக்கிறார். கடந்த போயாவுக்குத் தொலைபேசியில் பேசியபோது, ரோச் சார்ஜில் கிடக்கிறது என்றார்.